ஸ்டார்ட் ஆகாத பழைய காரைத் தரகரிடம் கொடுக்க முதல்

ஆசிரியர் அவர்கட்கு,

எங்கள் பக்கத்தில் பழைய கார் தேடித் திரியும் தரகர்களைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று கனகாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் ஓடுகிற கார்களுக்கு விலை ஏறியது. ஓடாத கார்கள் மீதும் கண் விழுந்தது. கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று பிரதான வீதியால் வந்து, ஒழுங்கைக்குள் திரும்பி, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள். மாமரத்தின் கீழ் தறப்பாள் போர்த்தி ஒரு மொறிஸ் மைனரோ ஓஸ்டினோ நின்றால் கேற்றில் தட்டுகிறார்கள். "ஸ்டார்ட் ஆகுமா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆகாது என்று சொன்னால் முகத்தில் ஒரு சந்தோஷம். "அப்ப இஞ்சின் போயிற்று. இரும்பு விலைதான் தரலாம்."

கேட்கிற வீட்டுக்காரர் பாவம், நம்பிவிடுகிறார். ஓடி நின்ற கார் ஒன்று திடீரென்று ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாமல் விட்டால், இஞ்சின் போனதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. கைக்குள் அடங்குகிற ஏதோ ஒரு சின்னச் சாமான் போயிருக்கும், அல்லது ஒரு வயர் விட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன பல்பும், கொஞ்ச வயரும், அரை மணித்தியாலப் பொறுமையும் போதும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வெட்டுவதாக இருந்தால் என்னைப் பற்றி எழுதியதை வெட்டுங்கள், சோதனை பற்றி எழுதியதை வெட்டாதீர்கள்.

நான் மெக்கானிக் அல்ல. விஞ்ஞான ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. அப்பா எனக்கு எழுதித் தந்த வீட்டோடு, கொட்டிலில் நின்ற காரும் சேர்ந்து வந்தது. 1960 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, 948 சீசீ இஞ்சின், ஸ்ரீ எழுத்துள்ள பழைய நம்பர். அப்பா தபாலதிபர். வாழைச்சேனை, அக்கரைப்பற்று என்று மாற்றலாகிப் போன இடமெல்லாம் அதில்தான் போய்வந்தார். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கொட்டிலின் கூரை பறந்தது, கார் தப்பியது. மைனர் அப்படியான கார்தான். அலெக் இசிகோனிஸ் வரைந்து 1948 இல் வெளிவந்தது. பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார். இலங்கையில் ஒரு தலைமுறை டொக்டர்மாரும் தலைமை ஆசிரியர்மாரும் அதில்தான் ஊர் சுற்றினார்கள்.

போன மாரி முடிந்து தறப்பாளை எடுத்துப் பார்த்தபோது ஸ்டார்ட் ஆகவில்லை. நகரத்தில் ஒரு கராஜிலிருந்து பொடியன் ஒருவன் வந்தான். நல்ல பொடியன், கை வேகம். ஆனால் அவன் படித்ததெல்லாம் கம்பியூட்டரைக் கொழுவிப் பிழை வாசிக்கிற கார்கள். பொனெற்றைத் திறந்து பார்த்துவிட்டு, என்னோடு கதைக்காமல் என் கணவரோடு கதைத்தான். என் கணவருக்கு சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அவர் தலையாட்ட, இவன் எழுதினான்: புதுக் கொயில், புதுப் பிளக்குகள், புதுப் பொயின்ட், புதுக் கொண்டென்சர், புது றோட்டர், புதுப் பற்றரி. எல்லாம் வந்தது, எல்லாம் பூட்டியாயிற்று. கார் அசையவில்லை. கடைசியில் அவனும் அதே வசனத்தைத்தான் சொன்னான். இஞ்சின் போயிற்றாம்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வோம்? தாங்கியில் இருக்கிறதா என்று பார்த்து, அங்கிருந்து குழாய் வழியே எதுவரை வருகிறது என்று பார்ப்போம். குழாய், தாங்கி, கிணறு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றமாட்டோம். காரில் மட்டும் ஏன் அப்படிச் செய்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

பழைய காரில் தீப்பொறி உண்டாகும் விதம் சாதாரண தர மாணவனுக்கே விளங்கக்கூடியது. பற்றரியின் 12 வோல்ற் சாவியைத் தாண்டிக் கொயிலின் தடித்த சுற்றுக்குள் போகிறது. அங்கிருந்து டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுகையான பொயின்டுக்கு வந்து எர்த்தில், அதாவது காரின் இரும்பில், முடிகிறது. பொயின்ட் மூடியிருக்கும்போது கொயிலில் காந்தப்புலம் கட்டுகிறது. இஞ்சின் சுற்றும்போது டிஸ்ரிபியூட்டர் தண்டிலுள்ள கேம் பொயின்டைத் திறந்துவிடுகிறது. மின்னோட்டம் சட்டென்று அறுகிறது, காந்தப்புலம் சரிகிறது, கொயிலின் மெல்லிய சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ற் பாய்கிறது. அது நடு வயரால் டிஸ்ரிபியூட்டர் மூடிக்கு வந்து, றோட்டரின் பித்தளைத் தகட்டால் முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடப்படுகிறது. கொண்டென்சரின் வேலை, பொயின்ட் திறக்கும்போது அங்கேயே பொறி பறந்து வீணாகாமல் தடுப்பது. அது இல்லாவிட்டால் பொயின்ட் கருகும், பிளக்கில் பொறி சோரும். இந்த முறையை அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றறிங் 1910 ஆம் ஆண்டளவில் கடிலக் காருக்காக உண்டாக்கினார். அவரும் பொறியியலுக்குப் போக முதல் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர்தான். அதனால் எங்கள் ஆட்களுக்கு இதில் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஆக, ஒரே ஒரு கேள்விதான்: பொறி எந்த இடம் வரை வருகிறது?

அதற்கு முதல் பெற்றோல். மைனரில் எஸ்யூ கம்பனியின் மின்சாரப் பெற்றோல் பம்பி இருக்கிறது. சாவியைப் போட்டதும் 'டிக் டிக்' என்று அடித்து, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றர் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். சத்தமே இல்லையென்றால் அதன் பொயின்டும் ஒட்டியிருக்கும். ஸ்குரூ ட்ரைவர் பிடியால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் அடிக்கத் தொடங்கும். நிற்காமல் அடித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. இது சரியென்றால் பெற்றோல் பக்கத்தை விட்டுவிடலாம்.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் முதலில் பற்றரிக் கம்பிகளைக் கழற்றித் துடையுங்கள். எங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று செய்கிற வேலையை அனுராதபுரத்தில் கார் வைத்திருப்பவர் அறியமாட்டார். வெளியே பார்த்தால் இறுக்கமாக இருக்கும், உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். பற்றரிக் கம்பியைப் போலவே, இஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் பட்டியையும் கழற்றிச் சுரண்ட வேண்டும். இஞ்சின் றப்பர் மேல் இருப்பதால், அந்தப் பட்டி விட்டால் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. புதுப் பற்றரி போட்டும் சோம்பலாகச் சுற்றுகிற காரில் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இனிச் சோதனை. கொயிலிலிருந்து வரும் தடித்த நடு வயரை டிஸ்ரிபியூட்டர் மூடியிலிருந்து பிடுங்குங்கள். மூடியைக் கழற்றுங்கள். இஞ்சினை முன்னால் கொழுவிச் சுற்றும் ஹாண்டிலால் கொஞ்சம் சுற்றி, பொயின்ட் மூடி நிற்கும்படி விடுங்கள். சாவியைப் போடுங்கள். காய்ந்த துணியால், அல்லது றப்பர் பிடியுள்ள குறட்டால், அந்த வயரின் நுனியை இஞ்சின் இரும்பிலிருந்து ஒரு கால் அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். மற்றக் கையால் காய்ந்த ஈர்க்குத் துண்டொன்றால் பொயின்டைத் திறந்து விடுங்கள். 'டக்' என்று நீலப் பொறி பாய்ந்தால் கொயில், பொயின்ட், கொண்டென்சர், சாவி, அந்தப் பக்கத்து வயர் எல்லாம் நல்லது. அவற்றில் கைவைக்கத் தேவையில்லை. மஞ்சளாகச் சோர்ந்த பொறி என்றால் கொண்டென்சரையும் பொயின்டையும் சந்தேகியுங்கள். பெற்றோல் சிந்தியிருக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். இதயத்துக்கு மின்கருவி வைத்திருப்பவர்கள் கிட்டவும் வரவேண்டாம். சாவியைப் போட்டபடி தேத்தண்ணி குடிக்கப் போகவும் வேண்டாம். பொயின்ட் மூடி நின்றால் கொயில் சூடேறிப் பழுதாகும்.

பொறியே வராவிட்டால் பல்பை எடுங்கள். சைட் லைட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்தால் போதும். ஒரு நுனி எர்த்தில். மறு நுனியைக் கொயிலில் சாவிப் பக்க முனையில் வையுங்கள். லூகாஸ் கம்பனியின் பழைய கொயிலில் எஸ்டபிள்யூ என்று குத்தியிருக்கும். எரியாவிட்டால் பிழை சாவிக்கும் பற்றரிக்கும் இடையில். எரிந்தால் மற்ற முனைக்கு, சீபி என்று குத்தியிருப்பதற்கு வாருங்கள். பொயின்ட் திறந்திருக்கும்போது எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். மூடினாலும் அணையாமல் நின்றால் பொயின்ட் தொடவில்லை, அல்லது முகம் கறுத்துவிட்டது. கார் நாள்பட நின்றால் பொயின்டின் முகத்தில் மெல்லிய படலம் படியும். நைசான சேன்ட் பேப்பரை இடையில் வைத்து இழுத்துவிட்டு, காய்ந்த கடதாசியால் துடைத்தால் சரி. திறந்தாலும் எரியாவிட்டால் அந்த முனையிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது எரிகிறதா? அப்படியென்றால் கொயில் நல்லது, டிஸ்ரிபியூட்டருக்குள் எங்கோ இரும்பில் தொடுகிறது. கொண்டென்சர் உள்ளுக்குள் ஷோர்ட் ஆகியிருக்கலாம். அதைவிட அதிகமாகக் காண்பது, பொயின்ட் பூட்டும்போது அந்தச் சின்ன பிளாஸ்ரிக் வாசரை மாறிப் போட்டிருப்பது. பொயின்டின் ஸ்பிரிங்கும் இரண்டு வயரின் காதும் ஒன்றையொன்று தொடவேண்டும், ஆனால் நடுவிலுள்ள இரும்பு ஆணியைத் தொடக்கூடாது. தொட்டால் பொயின்ட் எப்போதும் மூடியிருப்பதற்குச் சமன்.

பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீற்றர். பிளக்குக்கு 0.025 அங்குலம். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜ் இல்லாமல் கண் மட்டத்தில் வைக்கிற கராஜுக்குக் காரைக் கொடுக்க வேண்டாம்.

என் காரில் நடு வயரில் நல்ல நீலப் பொறி வந்தது. அப்போதே விளங்கிவிட்டது, கொயில் பக்கம் எல்லாம் நல்லது, பிழை அதற்கு அப்பால். ஆனால் பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து இரும்பின் மேல் படுத்திவிட்டு இஞ்சினைச் சுற்றினால் பொறி இல்லை. ஆக இடையில் மூன்றே சாமான்: மூடி, றோட்டர், பிளக் வயர்கள். மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பென்சிலால் கீறிய மாதிரிக் கறுப்புக் கோடு இருந்தால் அதன் வழியே மின்சாரம் ஓடிப்போகும். அப்படி ஒன்றும் இல்லை. நடுவில் இருக்கும் கரித்துண்டும் ஸ்பிரிங்கில் நன்றாக ஏறி இறங்கியது. நாலு வயருக்கும் ஒரே நேரத்தில் பழுது வராது. மிஞ்சியது றோட்டர்.

றோட்டரைச் சோதிக்கும் விதம் பலருக்குத் தெரியாது, அதனால் வடிவாகச் சொல்கிறேன். மூடி கழற்றியபடியே இருக்கட்டும். றோட்டர் அதன் தண்டில் இருக்கட்டும். நடு வயரின் நுனியை றோட்டரின் பித்தளைத் தகட்டுக்கு மேலே, கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முன்போல பொயின்டைத் திறந்து திறந்து விடுங்கள். நல்ல றோட்டர் என்றால் பொறி பாயாது. முதலில் ஒரு சின்னத் துளி தெரிந்தாலும் தொடராது, ஏனென்றால் அந்தத் தகட்டிலிருந்து மின்சாரம் போக வேறு இடமில்லை. ஒவ்வொரு முறையும் பொறி பாய்ந்தால், அது றோட்டரின் பிளாஸ்ரிக்கைத் துளைத்துக்கொண்டு கீழே தண்டுக்குள் இறங்கி எர்த்தாகிறது என்று அர்த்தம். பிளக்குக்கு ஒன்றும் மிஞ்சாது.

என் புது றோட்டரில் பட் பட் என்று பாய்ந்தது. பளபளவென்று, பெட்டி கசங்காமல் வந்த சாமான்.

அப்பா எதையும் எறியமாட்டார். கழற்றிய சாமானை எல்லாம் பிஸ்கற் தகரம் ஒன்றில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கடதாசித் துண்டைச் சுற்றி, 'நல்லது', 'சுமார்', 'அவசரத்துக்கு' என்று எழுதி வைத்திருப்பார். பொடியன் கழற்றிப் போட்ட பழைய றோட்டரை நான் அந்தத் தகரத்தில்தான் போட்டு வைத்திருந்தேன். கறுப்பு மங்கி, நுனி கொஞ்சம் தேய்ந்து இருந்தது. அதே சோதனை, பொறி பாயவில்லை. அதைப் பூட்டி, மூடியைக் கொழுவி, சொக்கை இழுத்து, ஸ்டார்ட்டர் குமிழை இழுத்ததும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. என் கணவர் குசினியிலிருந்து ஓடி வந்தார், ஏதோ வெடித்துவிட்டது என்று.

அப்படியானால் முதலில் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கவனமான வாசகர் கேட்பார். மாரி முழுக்கத் தறப்பாளுக்குள் ஈரம் நின்று, பொயின்டின் முகம் பூத்திருந்தது. தட்டில் கிடந்த பழைய பொயின்டைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தப் படலத்தைத் துடைத்திருந்தால் அன்றே ஓடியிருக்கும். ஒரு பழுதைத் திருத்தப் போய் இன்னொரு பழுதைக் காசு கொடுத்து வாங்கிப் பூட்டினார்கள், அதுதான் நடந்தது.

இது ஏதோ என் துரதிர்ஷ்டம் இல்லை. பழைய லூகாஸ் சாமான்களுக்குப் பதிலாக இப்போது வருகிற மலிவான றோட்டர்களிலும் கொண்டென்சர்களிலும் இந்தக் குறை உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி. றோட்டரில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் கீழே நீண்டு, தண்டுக்கு அருகே போய்விடுகிறது. இடையிலுள்ள பிளாஸ்ரிக் மெல்லிசு. சில றோட்டர்கள் முதல் நாளே போகும், சில சூடேறிய பிறகு வழியில் காலை வாரும். கொண்டென்சரும் அப்படித்தான். குளிரில் வேலை செய்து, இஞ்சின் கொதித்ததும் சாகும், ஆறினால் மறுபடி உயிர்க்கும். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஏறி இறங்கி வாங்கி வந்தாலும், பக்கத்துக் கடையில் வாங்கினாலும், புது சாமான் என்றால் நல்ல சாமான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கழற்றியது கெட்டது என்று நிரூபிக்கும் வரை அதை எறியவும் கூடாது. லூகாஸ் 25டி4 டிஸ்ரிபியூட்டர் மினியிலும் இருக்கிறது, பிந்திய மைனரிலும் இருக்கிறது. உங்களுக்கு உதவாத றோட்டர் இன்னொருவருக்கு உதவும்.

காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம்) ஒருவரின் ஓஸ்டின் கேம்பிரிட்ஜ் இன்னொரு விதமாக ஆட்டம் காட்டியது. காலையில் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் அழகாக நிற்கும். அக்சிலேற்றரை மிதித்தால் செத்துவிடும். "ரீச்சர், காபரேற்றர்தான் எண்டு எல்லாரும் சொல்றாங்க, ரெண்டு பேர் கழட்டிக் கழுவிட்டாங்க" என்றார். காபரேற்றர் அப்படிச் சட்டென்று சாகாது. திணறித் திணறித்தான் சாகும். சாவி அணைத்த மாதிரி நின்றால் அது மின்சாரம். டிஸ்ரிபியூட்டருக்குள் பொயின்ட் இருக்கும் தட்டு அசையக்கூடியது. மிதிக்கும்போது வெற்றிட இழுவை மாறி அந்தத் தட்டைத் திருப்பும், அதுதான் டைமிங்கை, அதாவது பொறி பாயும் நேரத்தை, முன் பின்னாக்குவது. அந்தத் தட்டோடு சேர்ந்து வளைந்து நிமிர வேண்டிய ஒரு மெல்லிய வயர் வெளியே இருந்து உள்ளே வருகிறது. பல வருடம் வளைந்து வளைந்து அதன் செம்பு உள்ளுக்குள் அறுந்திருந்தது, வெளி உறை மட்டும் முழுசாக இருந்தது. தட்டு ஒரு நிலையில் நிற்கும்போது அறுந்த நுனிகள் தொடும், மற்ற நிலையில் விலகும். விரலால் வயரை மெல்ல இழுத்தேன்; றப்பர் போல நீண்டது. செம்பு இருந்தால் நீளாது. அவ்வளவுதான் பழுது. அதே நீளத்தில், மெல்லிய பல இழைகள் கொண்ட வயராகப் போடவேண்டும், வீட்டுக்குக் கரண்ட் இழுக்கிற ஒற்றைக் கம்பி போட்டால் மறுபடி அறும் என்று சொல்லிவிட்டு வந்தேன். காக்கா வீட்டில் தந்த மஸ்கற் இனிப்பு நன்றாக இருந்தது, அது வேறு விஷயம்.

பொடியன்மாருக்கு ஒரு எச்சரிக்கை. மைனர் மாதிரியான பழைய பிரித்தானியக் கார்களில் பற்றரியின் கூட்டல் முனைதான் எர்த். இப்போதைய கார்களுக்கு நேர்மாறு. பழக்கத்தில் கழித்தலை எர்த்தில் கொழுவினால் டைனமோவுக்கும் வில்லங்கம், பொறியும் பலவீனம். கொயிலையும் அப்படித்தான் பார்த்துப் பூட்டவேண்டும்: கூட்டல், கழித்தல் குறியிட்ட புதுக் கொயில் என்றால், கூட்டல் எர்த் உள்ள காரில் கூட்டல் முனை டிஸ்ரிபியூட்டருக்குப் போகும், கழித்தல் முனை சாவிக்கு. என் காரில் அதுவும் மாறித்தான் இருந்தது. பிளக் வயர்களை ஒன்றாகப் பிடுங்காதீர்கள். பிடுங்கிவிட்டால், எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2. ரேடியேற்றர் பக்கம் இருப்பது ஒன்றாவது. மைனரில் றோட்டர் இடம்சுழியாகச் சுற்றும்.

ஹாண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணுகிறவர்கள் கியர் நியூட்ரலில், கைபிரேக் இழுத்திருக்கிறதா என்று பாருங்கள். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள், ஹாண்டிலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். டைமிங் முந்தியிருந்தால் இஞ்சின் திருப்பி உதைக்கும். பெருவிரல் முறிந்த ஆட்களை எங்கள் சின்ன வயதில் கண்டிருக்கிறோம்.

இனி, உங்கள் பத்திரிகை மூலம் கேட்க விரும்புவது. எங்கள் மாவட்டத்திலும் அம்பாறையிலும் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிற பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அவை புதுக் கார்களைப் படிப்பிப்பது சரிதான். பிள்ளைகள் அதில்தான் பிழைக்கவேண்டும். ஆனால் ஒரு பின்னேரம், ஒரே ஒரு பின்னேரம், பழைய டிஸ்ரிபியூட்டர் ஒன்றை மேசையில் வைத்து, பற்றரியும் கொயிலும் கொழுவி, பொறி எப்படி உண்டாகிறது, எங்கே தொலைகிறது என்று காட்டலாமே. கார் மட்டுமல்ல, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பழைய சின்னப் பம்பிகளிலும் இதே பொயின்டும் கொண்டென்சரும் பறக்குஞ்சில்லுக்கு (ஃப்ளைவீல்) அடியில் ஒளிந்திருக்கின்றன. வேளாண்மைக் காலத்தில் அதுவும் இதே மாதிரித்தான் திடீரென்று நிற்கும், அதற்கும் இதே மாதிரித்தான் எல்லாச் சாமானையும் மாற்றச் சொல்வார்கள். கம்பியூட்டர் வாசிக்கிற பிழைக் குறியீடும் கடைசியில் 'இந்தப் பக்கம் பார்' என்றுதான் சொல்லும், பார்க்கிறது மனிதன். பார்க்கப் பழகாத பிள்ளை புதுக் காரிலும் சாமான் மாற்றிக்கொண்டுதான் இருப்பான்.

உதிரிப்பாகக் கடைக்காரர்களுக்கும் ஒன்று. றோட்டரையும் கொண்டென்சரையும் 'திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்து விற்காதீர்கள். மேலே சொன்ன சோதனையைக் கடை மேசையிலேயே செய்து காட்டலாம். நான் சாமானைத் திருப்பிக் கொண்டுபோனபோது, "பூட்டினது எடுக்க ஏலாது அம்மா" என்றார்கள். பூட்டாமல் அது கெட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதில் இல்லை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடமில்லாதவர், ஓட ஆளில்லாதவர் விற்கத்தான் வேண்டும். விற்கிறதானால் ஸ்டார்ட் பண்ணிக் காட்டி விற்றுப் பாருங்கள், விலை எங்கே போய் நிற்கிறது என்று.

செல்ஃப் சுற்றி, இஞ்சினும் பிடித்து, ஆனால் சிவப்பு லைட் அணையாமல் நிற்கிற கார்களின் கதை வேறு. அது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவும், அதைப் பற்றரியோடு இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட்டும் சம்பந்தப்பட்டது, இதைவிடத் தலையிடி. இடம் தருவதாக இருந்தால் அதைத் தனிக் கடிதமாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.